கரும்பு வெட்ட வரும் தாய்மாருக்கு முதலுதவிப் பாடம்

கரும்பு அரவைப் பருவம் டிசம்பரில் சூடு பிடித்து மே மாதம் வரை நீடிக்கிறது. வெட்டு உத்தரவு கைக்கு வந்தவுடன் விவசாயிக்குக் கவலைகள் பல. ஆட்கள் சொன்ன நாளில் வருவார்களா, லாரி கிடைக்குமா, வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறைந்துவிடுமா என்பவை அவை. அவற்றைப் பற்றிப் பல முறை எழுதியாகிவிட்டது. இந்த வாரம், ஆட்களோடு கூட வருகிற குழந்தைகளைப் பற்றிப் பார்ப்போம்.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மானாவாரி ஊர்களிலிருந்து கணவன் மனைவி சோடியாக ஆட்கள் வெட்டுக்கு வருகிறார்கள். சோடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கணவன் வெட்டுவான், மனைவி சோகை கழித்துக் கட்டுக் கட்டுவாள். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். தாய் கரும்புக்குள் இருப்பாள். கைக்குழந்தை வேப்பமரக் கிளையில் கட்டிய தூளியில் கிடக்கும். நடக்கப் பழகிய பிள்ளை வரப்பில் விளையாடும். இரண்டையும் பார்த்துக்கொள்வது 8, 9 வயது அக்கா. அந்த அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சொந்த ஊரில் பிள்ளைக்கு ஒன்று என்றால் எங்கே ஓட வேண்டும் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். கிராம நர்ஸின் வீடு தெரியும், பஸ் நேரம் தெரியும், ஆட்டோ வைத்திருப்பவர் பெயர் தெரியும். உங்கள் வயலில் அவளுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. இரண்டு ஏக்கர் கரும்பை வெட்டி ஏற்றும் அந்த ஒரு வாரத்திற்கு, அவளுக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர் நீங்கள் ஒருவரே. ஆகவே இந்தப் பாடத்தை நடத்த வேண்டியவரும் நீங்கள்தான். இதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை. இரண்டு மாலைப் பொழுதுகளும், சொன்னதைச் செய்து காட்டும் பொறுமையும் இருந்தால் போதும்.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது

விவசாயி சொல்வதைவிட அவருடைய மனைவியோ தாயாரோ சொல்வது பலன் தரும். ஆண்கள் நின்று பேசினால் அந்தப் பெண்கள் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டம்மா ஒரு குடம் தண்ணீரோடு போய் உட்கார்ந்து, "பாப்பாவுக்கு என்ன வயசு தங்கச்சி?" என்று தொடங்கினால் பேச்சு தானாக நீளும். ஆட்கள் வந்து இறங்கிய முதல் நாள் மாலையே சரியான நேரம். அடுப்பு மூட்டும் முன் அரை மணி, மறுநாள் மாலை அரை மணி போதும். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவையும், கூட வந்த பாட்டியையும் கட்டாயம் உட்கார வையுங்கள். பகல் முழுவதும் குழந்தையின் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

எங்கள் விரிவாக்கப் பணியில் ஒரு பழைய விதி உண்டு. சொன்னது காதோடு போகும், காட்டியது கண்ணோடு நிற்கும், செய்ய வைத்ததே கையில் தங்கும். விதைநேர்த்திக்கு நாம் என்ன செய்கிறோம்? விவசாயியின் கையிலேயே விதையையும் மருந்தையும் கொடுத்துக் கலக்கச் சொல்கிறோம். இங்கும் அப்படியே. ஒவ்வொன்றையும் தாயே தன் கையால் ஒரு முறை செய்ய வேண்டும்.

முதல் பாடம்: இருக்கும் இடத்தின் பெயர்

முதலுதவி என்றவுடன் கட்டும் மருந்தும் நினைவுக்கு வரும். ஆனால் வெளியூர்த் தாய்க்கு முதலில் சொல்லித் தர வேண்டியது அவள் இருக்கும் இடத்தின் பெயர். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் இன்று எல்லாக் கிராமங்களுக்கும் வருகிறது, காசும் கிடையாது. ஆனால் போன் எடுப்பவர் "எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று கேட்டால் இவள் என்ன சொல்வாள்? மேஸ்திரி பெயரும் ஆலை பெயரும் மட்டுமே இவளுக்குத் தெரியும். நாம் மேட்டுக்காடு, பனங்கொல்லை என்று வயலுக்கு வைத்திருக்கும் பெயர் நமக்குத்தான் விளங்கும்.

ஆகவே ஒரு தகரத்திலோ பழைய பலகையிலோ பெரிய எழுத்தில் ஊர், ஊராட்சி ஒன்றியம், தார்ச்சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்ற அடையாளம், உங்கள் போன் எண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். படிக்கத் தெரியாத தாய்மார் இருப்பார்கள். அவர்களுக்கு ஊர், ஒன்றியம், திருப்பம் என மூன்றே விவரங்களை வாய்ப்பாடமாக்குங்கள். "அம்மன் கோயில் தாண்டி வாய்க்கால் பாலத்தில் இடது பக்கம்" என்பது போல இருந்தால் போதும். ஒவ்வொருவரையும் ஒரு முறை சொல்ல வைத்துக் கேளுங்கள். செல்போனில் 108 என்று அழுத்தத் தெரிகிறதா என்றும் பாருங்கள். போன் செய்தவுடன் ஓர் ஆள் தார்ச்சாலைக்கு ஓடி நிற்க வேண்டும், இரவானால் டார்ச்சோடு. வயல் தேடி வண்டி அலையும் நேரம் இதனால் மிச்சமாகும்.

பருவம் தொடங்கும் முன்பே ஒரு நாள் நீங்களே சுகாதார நிலையத்துக்குப் போய், பாம்பு விஷமுறிவு மருந்து இருப்பில் உண்டா, இரவில் டாக்டர் இருப்பாரா, இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று விசாரித்து வையுங்கள். இதைக் கடிபட்ட பிறகு விசாரிக்க நேரம் இராது.

பாம்புக் கடி

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். கரும்புக் கொல்லையில் எலி உண்டு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வெட்டு நடக்கும்போது அது சோகையை விட்டு வெளியேறி, வரப்புக்கும் குடிசைக்கும் வருகிறது.

இங்கே பழைய பழக்கங்களை மறக்க வைப்பதே பாதிப் பாடம். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. பச்சிலை அரைத்துக் கொடுப்பது, மந்திரிக்க அழைத்துப் போவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துப் போகவும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான் போடுகிறார்கள். அடிக்கப் போனால் இன்னொருவர் கடிபடுவார்.

செய்ய வேண்டியது இது. குழந்தையை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். நடக்க விடக் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலப் பக்கத்தில் ஒரு கம்பு வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கம்புக்கு எங்கே போவது? வயல் முழுக்கக் கரும்பு இருக்கிறது. ஒரு முழத் துண்டு போதும். கொலுசு, வளையல், அரைஞாண் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும், பிறகு வீங்கினால் அவை இறுக்கும். வாந்தி எடுத்தால் புரையேறாமல் இருக்க இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, உடனே கிளம்ப வேண்டும். 108 வரத் தாமதமானால் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் ஒருவருக்கும் நடுவில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு போகலாம். இந்தக் கட்டை வீட்டம்மா தன் பிள்ளையின் காலில் கட்டிக் காட்டி, பிறகு தாய்மாரைக் கட்டச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் முதல் தடவை இறுக்கித்தான் கட்டுவார்கள். அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

கட்டு விரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி மிகக் குறைவு, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். நடுராத்திரியில் பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழுதால், வாந்தி எடுத்தால், கண் இமை தொங்கினால், விழுங்க முடியவில்லை என்றால் சூட்டு வலி என்று கசாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. பாம்பு என்றே எண்ணிக் கிளம்ப வேண்டும். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் இந்தக் கடியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கயிற்றுக் கட்டிலைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்தால் இன்னும் நல்லது.

மருத்துவமனையில் பெரியவர்களுக்குப் போடும் அளவு மருந்தையே குழந்தைக்கும் போடுவார்கள். பாம்பு இறக்கும் விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை அல்லவா? இதைத் தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "இத்தனை பாட்டிலா?" என்று பயந்து தடுப்பார்கள்.

தேளுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்குத் தேள் கடுத்தால் வலியோடு போகும். சின்னக் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, வாந்தி வந்தால் இருதயம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். அதற்கும் மருத்துவமனைதான்.

கிணறும் பண்ணைக்குட்டையும்

சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உங்களுக்குப் பழகியது. வெளியூர்ப் பிள்ளைக்கு அது தெரியாது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டை இன்னும் மோசம். விழுந்தவர் பெரியவராக இருந்தாலும் பாசி பிடித்த விரிப்பில் கால் வழுக்கி ஏற முடியாது. ஆட்கள் வரும் முன் முள்ளை வெட்டி நான்கு புறமும் அடைத்து விடுங்கள். ஒரு நீளக் கயிற்றின் நுனியில் மூடி போட்ட காலித் தண்ணீர் கேனைக் கட்டிக் குட்டைக் கரையில் மாட்டி வையுங்கள். நீச்சல் தெரியாதவர் குதிக்காமல் இதை வீச வேண்டும்.

வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டுவது, தலைக்கு மேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நாட்டு வழக்கம். இவற்றால் நுரையீரலுக்குக் காற்றுப் போகாது, வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக் குழலை அடைக்கும். நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். கைக்குழந்தையானால் தலையை நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி ஊத வேண்டும். மார்பு மேலெழுகிறதா என்று பார்க்க வேண்டும். அசைவும் மூச்சும் வராவிட்டால் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, மறுபடி 30 என்று தொடர வேண்டும். கைக்குழந்தைக்கு மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரு கட்டை விரல்களால் அழுத்தலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

இதைப் படித்து யாரும் கற்க முடியாது. வைக்கோல் திணித்த தலையணை ஒன்றை வைத்துப் பழக்குங்கள். உயிருள்ள குழந்தையின் மார்பில் பழகிப் பார்க்கக் கூடாது. நீங்கள் பார்த்தறியாதவர் என்றால், கிராம சுகாதாரச் செவிலியரை ஒரு மாலை வந்து செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். பிழைத்து அழும் குழந்தையையும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் தரும்.

நம் மருந்து டப்பாக்கள்

கரும்பு வெட்ட வந்த இடத்தில் பூச்சி மருந்தா என்று கேட்கலாம். மோட்டார் கொட்டகையில் பாதி காலியான களைக்கொல்லி பாட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதே கொட்டகை நிழலில்தான் பிள்ளைகள் விளையாடுகின்றன. டப்பாவில் சிவப்பு முக்கோணமோ மஞ்சள் முக்கோணமோ இருந்தால் அது கொடிய நஞ்சு. நீலமும் பச்சையும் குறைந்த நஞ்சு. அதற்காக அவை குழந்தைக்குத் தீங்கற்றவை என்று பொருள் அல்ல. குளிர்பான பாட்டிலில் மருந்தை ஊற்றி வைப்பதைப் போலக் கொடிய பழக்கம் வேறில்லை. களைகளைக் கருக்கச் சிலர் வாங்கும் பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. குழந்தைக்கு ஒரு மிடறு போதும். இதில் தாய்க்குப் பாடம் சொல்லும் முன் நாம் கொட்டகையைப் பூட்ட வேண்டும். காலி மருந்துக் கேனில் குடிதண்ணீர் பிடித்து வைப்பதை எந்த வயலில் பார்த்தாலும் அந்தக் கேனை உடைத்துப் போட்டுவிட்டு, வேறு குடம் கொடுங்கள்.

குழந்தை மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் ஊட்டியோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். டப்பாவில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் முறிவு கொடுப்பார். யாரும் குடித்ததைப் பார்க்காவிட்டாலும், வாயில் எச்சில் வழிந்து, வியர்த்து, கண்மணி கடுகளவாகச் சுருங்கி, மூச்சு இழுத்தால் மருந்து என்றே சந்தேகிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு

மேலே சொன்னவை எல்லாம் எப்போதோ வருபவை. வயிற்றுப்போக்கு வாரந்தோறும் வரும். இதில் தாயின் கையே மருத்துவமனை. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்கான் ஊரில் குவிந்தபோது காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலமாக்கி, தண்ணீரில் கரைத்துக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். தாய்மாரும் உறவினரும் அதைக் குவளையில் பிடித்துத் தாங்களே நோயாளிக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. வீடு வாசல் விட்டு வந்த, படிப்பில்லாத தாய்மார் செய்தது அது. 2022-இல் அந்த டாக்டர் காலமானார். அவர் கையாண்ட முறைதான் இன்று சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தவறு நேரும் இடம் இதுதான். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் கொடுத்துவிடுவார்கள். உப்பு மிஞ்சிய கரைசல் குழந்தைக்குக் கெடுதல். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்து, அதில் கரைக்கப் பழக்குங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்ததைத் தாய் நக்கிப் பார்க்கட்டும். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போனதற்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்துவதும் சோற்றை நிறுத்துவதும் தவறு. கூடவே சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழி விழுந்தாலோ, 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடிக்கவும் சக்தியற்றுத் துவண்டாலோ வீட்டு வைத்தியம் போதாது.

தீ, வெட்டு, தொண்டை அடைப்பு

மூன்று கல் அடுப்பும் சோகை வேய்ந்த குடிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தீக்காயம் சகஜம். உடனே 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பம்புசெட் ஓடினால் இதற்குக் குறைவில்லை. பற்பசை, மை, மாவு, நெய் எதுவும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் மூடினால் போதும். வெட்டுக் கத்தி பட்டு இரத்தம் வந்தால் மடித்த துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. மண்ணோ காப்பித் தூளோ வைக்கக் கூடாது. தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுவது அவசியம்.

வேர்க்கடலை, புளியங்கொட்டை, கரும்புச் சக்கை தொண்டையில் சிக்கி, குழந்தை சத்தமின்றித் திணறினால், கைக்குழந்தையை முன்னங்கை மேல் குப்புறப் போட்டுத் தலை தாழ வைத்து முதுகில் ஐந்து தட்டு. பிறகு திருப்பிப் போட்டு மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. பெரிய பிள்ளையானால் முன்னே குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு. பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

தூளியைப் பற்றி அந்த அக்காவிடமே சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் ஏறி முறுக்கி விளையாடக் கூடாது. முறுக்கிய துணி கழுத்தை நெரித்துவிடும்.

மேஸ்திரியிடம் பேச வேண்டியது

இவ்வளவும் கற்றுக்கொண்ட தாயும் மேஸ்திரி முகத்தைப் பார்த்துத் தயங்குவாள். சோடியில் ஒருவர் போனால் அன்றைய கணக்கு குறையும், முன்பணத்தில் நாள் ஏறும். "லோடு ஏறட்டும், சாயங்காலம் பார்க்கலாம்" என்ற ஒரு பேச்சில் நான்கு மணி நேரம் போய்விடும். ஆகவே ஆட்கள் வந்த அன்றே, எல்லோர் முன்னிலையிலும் மேஸ்திரியிடம் பேசி முடித்துவிடுங்கள். குழந்தைக்கு அவசரம் என்றால் யாரையும் கேட்காமல் தாய் கிளம்பலாம், அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஒரு சோடியின் ஒரு நாள் கூலியை நீங்களே ஏற்றாலும் அது டன் கணக்கில் வரும் வெட்டுக் கூலியில் சிறு தொகைதான். முடிந்தால் வண்டிச் செலவுக்கென்று கொஞ்சம் ரொக்கத்தை வீட்டம்மாவிடம் தனியே கொடுத்து வைத்து, அதையும் தாய்மாருக்குத் தெரியச் சொல்லுங்கள்.

உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெளியூர்க் குழந்தைக்கும் அங்கே சத்துமாவும் எடை பார்ப்பதும் உண்டு. விட்டுப்போன தடுப்பூசியை எந்த ஊர் சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம், தாய் சேய் அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொன்னால் வேலை சுலபம்.

இரண்டாம் நாள் மாலை, புறப்படும் முன் ஒவ்வொரு தாயையும் ஒரு கேள்வி கேளுங்கள். ஒருத்தி ஊர்ப் பெயரையும் திருப்பத்தையும் சொல்லட்டும், ஒருத்தி கரும்புத் துண்டு வைத்துக் கட்டட்டும், ஒருத்தி பாட்டிலில் உப்பைக் கரைக்கட்டும். உங்கள் வயல் முடிந்து ஆட்கள் அடுத்த வயலுக்குப் போகும் நாளில், பலகையைக் கழற்றி அவர்களிடமே கொடுத்துவிடலாம். பின்புறத்தில் அடுத்த வயல்காரர் தம் ஊர்ப் பெயரையும் திருப்பத்தையும் எழுதிக்கொள்வார். அவருக்கு முதல் நாளே போன் செய்து, ஆட்களோடு எத்தனை குழந்தைகள் வருகின்றன என்று சொல்லிவிடுங்கள்.